பாதியில் நிற்கும் கப்பல்கள்: வாசகர் கேள்வி பதில்

மரத்தில் சின்னக் கப்பல் செய்வதைப் பற்றிப் போன மாதம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் நம் ராமநாதபுரம் கடற்கரை வாசகர்கள் எழுதியதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வள்ளத்தையும் விற்றாயிற்று. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று போனில் புலம்பினேன், மகன் துபாயிலிருந்து ஒரு கப்பல் கிட் வாங்கி அனுப்பிவிட்டான். மேலே விக்டரி என்று போட்டிருக்கிறது. திறந்தால் குச்சியும் நூலுமாகக் கிடக்கிறது, கூட வந்த படம் ஒன்றும் புரியவில்லை. வாழ்நாளெல்லாம் படகில் கிடந்தவனுக்கு இது வராதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாம்பன்

பதில்: வரும் அண்ணே, நன்றாகவே வரும். ஆனால் இந்தப் பெட்டியில் தொடங்காதீர்கள். விக்டரி 1765-ல் தண்ணீரில் இறக்கிய போர்க்கப்பல், 104 பீரங்கி, மூன்று பாய்மரம், 1805-ல் டிரபால்கர் சண்டையில் ஆங்கிலேயத் தளபதி நெல்சன் நின்ற கப்பல். இன்றும் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். அதன் மாதிரியைச் செய்து முடிக்க, கை பழகியவர்களுக்கே வருடக்கணக்கில் ஆகும். மகன் ஆசையாக அனுப்பியது, பத்திரமாக மூடி ஈரம் படாத அலமாரியில் வையுங்கள், அதற்கும் நாள் வரும்.

முதலில் நீங்கள் விற்ற வள்ளத்தைச் செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், விக்டரிக்கு வரைபடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்தும் அதைச் செய்யலாம். நம் வள்ளத்துக்கு என்ன இருக்கிறது? படகு கட்டும் ஓடாவி பெரும்பாலும் வரைபடம் போட்டுக் கட்டியதில்லை, அளவெல்லாம் அவர் கண்ணிலும் கையிலும்தான் இருந்தது, முன்பக்கத்து அணியம் எவ்வளவு தூக்க வேண்டும், வயிறு எங்கே அகல வேண்டும் என்பதை அப்பாவிடம் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இப்போது கரையெல்லாம் ஃபைபர் வந்துவிட்டது. பழைய மரப்படகு கழிந்தால் உடைத்து விறகாக்கிவிடுகிறார்கள், அதோடு அந்த அளவும் போய்விடுகிறது. உங்கள் வள்ளம் யாரிடமோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது இல்லையா? அது இருக்கும்போதே போய் அளந்துவிடுங்கள். இதை ஒரு பொழுதுபோக்காக மட்டும் நான் நினைக்கவில்லை, நீங்களும் அப்படி நினைக்காதீர்கள்.

அளக்கிற முறை எளிது. வாங்கியவரிடம் சொல்லிவைத்து, வள்ளத்தைக் கரையில் ஏற்றியிருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், கூட பேரனோ பக்கத்து வீட்டுப் பையனோ வரட்டும், நீங்கள் குனிய வேண்டாம். முதலில் முட்டுக்கொடுத்து நேராக நிறுத்துங்கள். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடுவில் ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். அந்தக் கயிற்றில் இரண்டடிக்கு ஒரு குறி. ஒவ்வொரு குறிக்கும் நேராக இரண்டு பக்க விளிம்பிலும் படுகிற மாதிரி ஒரு நேரான கம்பைக் குறுக்கே வைத்து, ரசமட்டம் பார்த்துக்கொண்டு, கம்பிலிருந்து அரையடிக்கு ஒரு தடவை தூக்குக்குண்டை உள்ளே இறக்கி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளைக் கோடுபோட்ட தாளில் வைத்து இணைத்தால் அந்த இடத்தில் படகின் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். இது உள்பக்க அளவு என்பதை மறக்கவேண்டாம், வெளி வடிவத்துக்குப் பலகையின் கனத்தைக் கூட்ட வேண்டும். அடியில் நீளமாக ஓடும் ஏரா மரத்தின் நீளமும் கனமும், பலகையைத் தாங்கும் வளைந்த சட்டமான வங்கு ஒன்றுக்கும் அடுத்த வங்குக்கும் உள்ள இடைவெளி, பாய்மரம் நின்ற குழி, எல்லாம் தனித்தனியாக எழுதுங்கள். வலை இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன விளிம்பு எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள், அதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

அளவைச் சுருக்குவதற்கு ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 அடி வள்ளம் மேஜையில் ஒரு அடியாக நிற்கும். ஒரு அங்குலப் பலகை இந்தக் கணக்கில் சுமார் ஒரு மில்லிமீட்டர், அந்தக் கனத்தில் இழைத்த மரம் கையால் வளைக்கத் தோதாக இருக்கும். வங்குகளை 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டலாம். நிஜப் படகில் வளைந்த கிளையாகத் தேடி எடுத்து வங்கு போடுவார்கள். சின்ன அளவிலும் அதையே செய்ய ஆசை இருந்தால் பூவரசங்கிளையில் முயன்று பாருங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். பலகைக்குத் தேக்கு வேண்டாம், அதன் ரேகை பெரியது, சின்னப் படகில் பார்த்தால் அளவு பொருந்தாமல் தெரியும். வெட்பாலையோ மஞ்சக்கடம்போ கிடைத்தால் நல்லது, இரண்டும் நெருக்கமான ரேகை. அறுவை மில்லில் கழித்துப் போடுகிற துண்டே போதும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். மரப்படகாக இருந்தால் பழைய பலகையைக் கழற்றி வங்கு மாற்றுவதும், இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்ப்பதும் கண்ணுக்கு நேராக நடக்கும். மண்டபம் பக்கம் ஒரு நாற்காலியோடு போய் உட்கார்ந்து பாருங்கள்.

வள்ளத்தை அளக்கப் போகிற அன்று மனசு கஷ்டப்படும், அதைச் சொல்லாமல் விட முடியாது. அடுத்தவர் கையில் அதைப் பார்ப்பது லேசு இல்லை. அதற்காகத்தான் கூட ஒரு ஆளோடு போகச் சொல்கிறேன். வேலைக்குத் தரையில் உட்கார வேண்டாம், முழங்கை உயரத்துக்கு மேஜை, முதுகு சாய நாற்காலி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடை.

கேள்வி: எங்கள் வாப்பா மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் பலகை ஒட்டுவது பாதியில் இருந்தபோது மௌத்தாகிவிட்டார்கள். இப்போது வீட்டைப் பாகம் பிரித்ததில் கப்பல் என் பங்குக்கு வந்திருக்கிறது. வாப்பா ஒட்டிய பலகைகளில் இரண்டு முன்பக்கம் எழும்பி நிற்கிறது. அதைக் கழற்றினால் அவர்கள் வேலையைக் கெடுத்த மாதிரி ஆகுமோ என்று தொடவே பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: கழற்றலாம் தங்கச்சி. வாப்பா இருந்திருந்தால் அவர்களே கழற்றி ஒட்டியிருப்பார்கள், இந்த வேலையில் பலகை எழும்பாத ஆள் கிடையாது. தொடுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். உள்ளே பென்சில் குறி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இருந்தால் அந்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது, அவர்கள் அடுத்து என்ன செய்ய நினைத்தார்கள் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை என்றால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை எழும்பிய இடத்தில் வைத்துக் காத்திருங்கள், இளகிவிடும். ஃபெவிகுவிக் போட்டிருந்தால் அசிட்டோன் வேண்டும், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் அது இருப்பதைப் பார்த்து வாங்கி, பஞ்சில் தொட்டுத் தொட்டு வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பலகை எழும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் கீழே இருக்கும். முன்பக்கத்துக் குறுக்குச் சட்டங்களின் ஓரத்தைச் சரிவாகச் சீவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அதன் கூர் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், பசைக்குப் பிடிமானம் இருக்காது. ஒரு மெல்லிய குச்சியை முன்னாலிருந்து பின்னால் வரை வளைத்து வைத்துப் பாருங்கள், எல்லாச் சட்டத்திலும் முழுதாகப் படிய வேண்டும், படியாத இடத்தில் அரம் போடுங்கள். அப்புறம் பலகையைச் சூடான தண்ணீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டி, காய்ந்த பிறகுதான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும்.

கப்பலின் நடுப்பகுதி அகலம், முனை ஒடுக்கம். அதனால் எல்லாப் பலகையும் ஒரே அகலத்தில் முன்னால் போய்ச் சேர இடம் இருக்காது, முனைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் குறுக்காதீர்கள், நுனி பிளந்துவிடும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு நிமிர்த்த வழியே இல்லை.

உங்கள் பலகையின் நிறம் வாப்பாவுடையதோடு முழுதாகப் பொருந்தாது. சாயம் பூசி மறைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எதுவரை அவர்கள் கை, எங்கிருந்து உங்கள் கை என்று உங்கள் பிள்ளைகளுக்குப் பார்த்ததும் தெரியட்டும். மேல்தளத்தை மூடுவதற்கு முன் உள்பக்கம் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: படிப்பு முடிந்து ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஒரே அறையில் நான்கு பேர். கப்பல் செய்யும் பழக்கத்தை விட மனம் இல்லை. நம் பக்கத்துப் பழைய கப்பல் எதையாவது செய்ய வேண்டும் என்றும் ஆசை, அழகன்குளத்தில் கிடைத்த கப்பலைச் செய்யலாமா?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: அழகன்குளத்தில் அகழாய்வில் கிடைத்தது கப்பல் இல்லை தம்பி, கப்பல் உருவம் கீறிய பானை ஓடு. பார்க்கப் பார்க்க ஆசை வரும்தான், ஆனால் ஒரு கீறலிலிருந்து அகலமும் ஆழமும் எடுக்க முடியாது, மீதியெல்லாம் உங்கள் கற்பனையாகிவிடும். அதைவிட நம் பக்கத்து வத்தைப் படகையோ தூத்துக்குடித் தோணியையோ எடுத்துக்கொள்ளுங்கள். தோணி கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் பாய் விரித்துப் போய்வந்தது, அதில் வேலை பார்த்த பெரியவர்களைத் தேடிப் பேசலாம்.

அறை சின்னது என்றால் பாதிக் கப்பல் செய்யுங்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு பக்கம் மட்டும், பலகையில் ஒட்டிச் சுவரில் மாட்டுவது. மேல்நாட்டில் கப்பல் கட்டுகிறவர்களே முதலில் இப்படிப் பாதி உருவம் செதுக்கி, அதிலிருந்து அளவெடுத்துப் பெரிய கப்பலைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு டிபன் டப்பாவில் உளி, அரம், உப்புத்தாள் எல்லாம் அடங்கிவிடும். தூசி வேலையை மொட்டை மாடியில் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள், நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவர் பக்கத்தில் மரம் தேய்த்தால் நட்பு நிலைக்காது.

கேள்வி: புது வீடு கட்டிக் கடற்கரையோரம் வந்துவிட்டோம். பழைய வீட்டில் நன்றாக இருந்த கப்பலில் இப்போது நூலெல்லாம் தொய்கிறது, பித்தளைச் சாமான் பச்சை பிடிக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: உப்புக்காற்று. பருத்தி நூல் ஈரத்தை இழுத்து நீளம் மாறிக்கொண்டே இருக்கும், பாலியஸ்டர் நூலுக்கு மாறி, தேன்மெழுகில் இழுத்துக் கட்டுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கயிறு கருப்பாகவும் பாயை ஏற்றி இறக்கும் கயிறு வெளிர் நிறத்திலும் இருக்கட்டும், நிஜக் கப்பலில் தார் பூசியது முதல் வகைக்குத்தான். பித்தளையைத் துடைத்துக் காயவைத்து மேலே மெல்லிய வார்னிஷ் கொடுங்கள். இரும்பு ஆணி எங்காவது இருந்தால் பிடுங்கிவிட்டு மூங்கில் சீவிய ஆணி போடுங்கள். கண்ணாடிப் பெட்டி அவசியம், அடியில் காற்றுப் போக இரண்டு சின்ன ஓட்டை, வெயில் நேராக விழாத சுவர். நூல் மாற்றும் வேலையை இப்போது மழையில் ஆரம்பிக்காதீர்கள், தை பிறக்கட்டும்.