18 கையெழுத்துகள்

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு 'அமெரிக்க வெளியுறவுக் கொள்கையில் நியோகான்களின் தாக்கம்' என்று தலைப்புக் கொடுத்தேன். "இராக் போரோடு அவர்கள் கதை முடிந்துபோனது. செத்த பாம்பை அடிக்காமல் வேறு தலைப்போடு வா" என்கிறார் நெறியாளர். வீட்டில் அண்ணனோ, "இன்றைக்கும் அமெரிக்காவை ஆட்டிவைப்பது அவர்கள்தான்" என்று அடித்துச் சொல்கிறான். யார் சொல்வது சரி? தலைப்பை மாற்றிவிடட்டுமா?
- ஒரு மாணவி, திருச்சி

பதில்: மாற்றாதீர்கள். நியோகான் (neoconservative) என்றால் 'புதிய பழமைவாதி'; இடதுசாரிகளிடமிருந்து விலகி வலதுபக்கம் வந்து, அமெரிக்காவின் ராணுவ பலத்தைக் கொண்டு உலகை மாற்றலாம் என்று நம்பிய அணி. நெறியாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அண்ணன் சொல்வதில் அந்த அளவுகூட இல்லை. அவரை முதலில் பார்த்துவிடுவோம்.

'பின்னாலிருந்து ஆட்டிவைக்கிறார்கள்' என்ற பேச்சு பெரும்பாலும் யூதர்கள் மீதான பழைய வெறுப்பில் போய் முடியும். நியோகான்களில் யூதர்கள் பலர் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த அணியின் அரசியல் தலைவராக இருந்த செனட்டர் ஹென்றி ஜாக்சன் யூதர் அல்ல, பேராசிரியை ஜீன் கர்க்பாட்ரிக்கும் அல்ல. 2003-இல் இராக் போரைத் தொடங்கிய அதிபர் புஷ், துணை அதிபர் செனி, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் மூவரும் யூதர்கள் இல்லை. செனியையும் ரம்ஸ்ஃபெல்டையும் நியோகான் கணக்கில் சேர்ப்பதையே பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அதோடு, இவர்கள் ஒளிந்திருந்து எதையும் செய்யவில்லை. பத்திரிகையில் எழுதினார்கள், பெயர் போட்டுக் கையெழுத்திட்டார்கள். உங்கள் ஆய்வுக்கு அதுதான் பெரிய வசதி.

தோற்றக் கதையை நாலு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். 1930-களில் நியூயார்க் சிட்டி கல்லூரியில் ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் பெயரைச் சொல்லி விவாதம் செய்த இர்விங் கிறிஸ்டல் போன்ற மாணவர்கள், பிறகு இடதுசாரிகளோடு முறித்துக்கொண்டது, ஜனநாயகக் கட்சியில் சோவியத் எதிர்ப்பில் உறுதியாக நின்ற ஜாக்சனிடம் ரிச்சர்ட் பெர்ல் போன்ற இளைஞர்கள் பாடம் கற்றது, இவை போதும். கர்க்பாட்ரிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1979-இல் 'காமெண்டரி' இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரை ரீகனின் கண்ணில் பட்டு, பேராசிரியையாக இருந்தவரை ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக்கியது. கம்யூனிச ஆட்சிகள் மாறாது, நமக்கு நட்பான சர்வாதிகாரிகள் காலப்போக்கில் மாறக்கூடும், ஆகவே அவர்களைக் கைவிடக் கூடாது என்பது அவர் வாதம். அதே அணிதான் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் துப்பாக்கி முனையில் ஜனநாயகத்தை நட்டு வளர்க்கப்போகிறோம் என்று கிளம்பியது. இந்த முரணை உங்கள் ஏட்டில் அழுத்திச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். 1998 ஜனவரி 26 தேதியிட்டு அதிபர் கிளிண்டனுக்கு ஒரு கடிதம் போனது. இராக் அதிபர் சதாம் ஹுசேனைக் கட்டுப்படுத்தி வைத்தால் போதாது, ஆட்சியிலிருந்தே அகற்ற வேண்டும் என்றது அது. கீழே 18 கையெழுத்துகள். இர்விங்கின் மகன் வில்லியம் கிறிஸ்டலும் ராபர்ட் ககனும் முந்தைய ஆண்டு தொடங்கிய ஒரு சிறிய அமைப்பின் வேலை. அந்த அக்டோபரிலேயே சதாம் ஆட்சியை அகற்றுவதை அமெரிக்காவின் கொள்கையாக அறிவிக்கும் சட்டம் நிறைவேறிவிட்டது. கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன். செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே அடுப்பு மூட்டியாகிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான். 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77-23 என்று வென்றபோது ஆதரித்தவர்களில் ஜோ பைடனும் ஹிலாரி கிளிண்டனும் உண்டு. ஒரு சிறு குழு சொன்னதை இரண்டு கட்சிகளும் தம் சொந்தக் கருத்துபோல எடுத்துக்கொண்டன. தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது காட்சி 2003 பிப்ரவரி 25. இராக்கைப் பிடித்த பிறகு அங்கே எத்தனை வீரர்கள் தேவைப்படுவார்கள் என்று செனட் குழு கேட்கிறது. தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, பல லட்சம் பேர் என்ற அளவில் தேவைப்படும் என்கிறார். வியட்நாமில் காலில் காயம்பட்டு, பாதத்தின் ஒரு பகுதியை இழந்த மனிதர் அவர். இரண்டே நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் இன்னொரு குழுவின் முன் வந்து, அந்தக் கணக்கு கொஞ்சமும் பொருந்தாதது என்று தள்ளுகிறார். சண்டைக்குத் தேவைப்படும் படையைவிட, சண்டை முடிந்த பின் அமைதி காக்க அதிகப் படை வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்கிறார். நடந்தது என்ன? பாக்தாத் விழுந்ததும் அருங்காட்சியகத்தைக்கூடக் காக்க ஆளில்லை. படைக்காக இந்தியா வரை கை நீட்டினார்கள், ஐ.நா. ஒப்புதல் இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று அந்த ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்தது. 2007 ஜனவரியில் கூடுதலாக 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்ப புஷ் முடிவெடுத்தார். அந்தத் திட்டத்தை வகுத்துத் தந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ககனின் தம்பி ஃபிரெடரிக். மொத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட இராக்கியப் பொதுமக்களும் ஏறத்தாழ 4,500 அமெரிக்க வீரர்களும் போரில் செத்தார்கள். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இரண்டு சாட்சியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்கு வயிறு எரிகிறது. அனுபவசாலி சொன்னதை அன்றைக்கு யாராவது காதில் போட்டிருக்கலாமே!

நெறியாளர் சொல்லும் பாதி உண்மை இதற்குப் பின்னால் வருகிறது. 1998 கடிதத்தில் கையெழுத்திட்ட அரசியல் அறிஞர் ஃபிரான்சிஸ் ஃபுகுயாமாவே 2006-இல் இந்த முகாமிலிருந்து விலகிவிட்டதாக வெளிப்படையாக எழுதினார். 2016-இல் தென் கரோலினாவில் குடியரசுக் கட்சி விவாத மேடையிலேயே இராக் போர் பெரிய தவறு என்றார் ட்ரம்ப். அந்த மாநிலத்திலும் வென்றார். வில்லியம் கிறிஸ்டல் தொடங்கிய 'வீக்லி ஸ்டாண்டர்ட்' இதழ் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. 2024-இல் செனியும் அவர் மகளும் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். ஓர் அணியாக அவர்களுக்குச் சொந்த வீடு இல்லாமல் போனது நிஜம்.

ஆனால் அதே ட்ரம்ப், 1998 கடிதத்தில் கையெழுத்திட்ட ஜான் போல்ட்டனை 2018-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக்கினார். இன்னொரு கையெழுத்துக்காரரான எலியட் ஏப்ரம்ஸை 2019-இல் வெனிசுலா விவகாரத்துக்குச் சிறப்புத் தூதராக்கினார். (போல்ட்டன் தன்னை நியோகான் என்று ஒப்புக்கொள்வதில்லை, ஜனநாயகம் பரப்பும் ஆசையும் அவருக்கு இல்லை. ஏட்டில் இதைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.) போல்ட்டனும் ட்ரம்பும் பிறகு பகையாகிப் பிரிந்தார்கள். இரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீச வேண்டும் என்று 2015-இல் போல்ட்டன் பத்திரிகையில் எழுதியதோ, ட்ரம்பின் உத்தரவில் 2025 ஜூன் 22 அன்று ஃபோர்டோவிலும் நதான்ஸிலும் இஸ்ஃபஹானிலும் நடந்தேறியது. ஆபத்து முற்றும் முன்பே நாமாகப் போய் அடிக்கலாம் என்று 2002-இல் புஷ் அரசு எழுதிவைத்த கொள்கை, அதை எழுதியவர்களைத் திட்டிக்கொண்டே ஆட்சிக்கு வந்தவரின் கையிலும் தயாராக இருந்தது. ஜனநாயகம் நடும் பேச்சு உதிர்ந்துவிட்டது, முந்திக்கொண்டு அடிக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் ஆய்வுக் கேள்வி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தலைப்பை மாற்ற வேண்டாம், இந்த அளவுக்குக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். 1998 கடிதத்தின் 18 பெயர்களையும் ஒரு தாளில் இடது பக்கம் எழுதுங்கள். எதிரே, 2001-இல் புஷ் ஆட்சி அமைந்தபோது யாருக்கு என்ன பதவி கிடைத்தது என்று குறியுங்கள். ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்பு அமைச்சர், வுல்ஃபோவிட்ஸ் அவருக்குத் துணை, ஆர்மிடேஜ் வெளியுறவுத் துணை அமைச்சர் என்று வலது பக்கம் மளமளவென நிரம்பும். அந்தத் தாளோடு நெறியாளர் அறைக்குப் போங்கள்.