ஏழு இரவையும் ஒரே ஹோட்டலில் போடாதீர்கள்

சேலத்தில் ஒரு வாரம் தங்க ஜங்ஷன் பக்கம் நல்லதா, புது பஸ் ஸ்டாண்டு பக்கமா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எடுங்கள். ஜங்ஷன் மேற்கே சூரமங்கலத்தில் இருக்கிறது. வருகிற நாளுக்கும் கிளம்புகிற நாளுக்கும்தான் வசதி. மேட்டூருக்கும் ஏற்காட்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஏறுவது சுலபம். அறை மட்டும் ரோட்டைப் பார்த்து வேண்டாம், ராத்திரி முழுக்க ஹாரன் கேட்கும். பின்பக்க அறை என்று முன்பே சொல்லி வையுங்கள்.

ஆனால் இரண்டு இரவாவது ஏற்காட்டில் தங்குங்கள். முப்பது கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் இருட்டிய பிறகு நிற்கிற வாய்ப்பு போய்விடும். கீழே சேலம் மொத்தமும் விளக்காகத் தெரியும். ஜோடியாகப் போகிறவர்கள் அதைத் தவறவிடவே கூடாது. சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டமும் வாடகையும் ஏறிவிடும். மே மாதக் கோடை விழா நேரமும் அப்படித்தான்.

அப்புறம், கீழே சேலத்தில் இருக்கிற மாலைகளில் தட்டுவடை செட் சாப்பிடுங்கள். இரண்டு தட்டுவடைக்கு, அதாவது தட்டைக்கு, நடுவே சட்னியும் துருவிய கேரட், பீட்ரூட்டும் வைத்துத் தருவார்கள். தள்ளுவண்டியில் கையோடு வாங்கி உடனே சாப்பிட வேண்டும், பார்சல் கட்டினால் நமுத்துவிடும்.