சொலொவ்யோவ் பற்றிக் கேளுங்கள்

கே: சார், ரஷ்ய டிவியில் கத்துவாரே, அந்த விளாதிமிர் சொலொவ்யோவா?
ப: இல்லை. இவர் ரஷ்யத் தத்துவவாதி, 1853–1900.

கே: எகிப்தில் தேவதையைப் பார்த்தாராமே?
ப: தேவதை இல்லை, சோபியா, இறைஞானத்தின் பெண் வடிவம். 1875இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்துக்கொண்டிருந்தவருக்கு ‘எகிப்துக்குப் போ’ என்று குரல் கேட்டதாம். கெய்ரோவுக்கு வெளியே பாலைவனத்தில் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக நடந்தவரைப் பார்த்து, பிசாசு என்று பெதுவின்கள் (பாலைவன நாடோடி அரபுகள்) மிரண்டு போனார்கள். விடியலில் ரோஜா மணத்தோடு தரிசனம். 1898இல் இதையெல்லாம் தன்னையே கிண்டலடித்துக் கவிதையாக எழுதினார். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு இவரைச் சாமியாராக்காதீர்கள்.

கே: அந்திக்கிறிஸ்து, அதாவது உலக முடிவில் கிறிஸ்துவுக்கு எதிராக வருபவன், அவனைப் பற்றிய கதையில் இன்றைய போரைச் சொல்லிவிட்டாராமே?
ப: ஜோசியம் இல்லை. 1900இல் எழுதிய கதை.

கே: தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் வரும் பக்திமான் தம்பி அல்யோஷா இவர்தானே?
ப: பெயர் தஸ்தயேவ்ஸ்கியின் மகனுடையது. மூன்று வயது நிரம்பும் முன்பே 1878 மே மாதம் வலிப்பில் போய்விட்டான். அடுத்த மாதம் அந்தத் தகப்பனோடு ஆப்டினா மடத்துக்குப் போனவர் சொலொவ்யோவ். அரசே திருச்சபையாக மாறவேண்டும் என்ற வாதம் நாவலில் யார் கட்டுரையை ஒட்டி வருகிறது? சந்தேகப்படும் அண்ணன் இவானுடையது! அது சொலொவ்யோவின் வாடை.

கே: ஒத்துக்கமாட்டேன் சார். ரஷ்யப் பேரரசரான ஜாரைக் கொன்றவர்களை மன்னிக்கச் சொன்னவர் இவானா?
ப: நல்ல அடி. 1881இல் மேடையேறிப் புது ஜாரிடமே அதைக் கேட்டார். ஆனாலும் ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். இவருக்குப் பொதுமேடை மூடியது. ஆனால் தஸ்தயேவ்ஸ்கி அதற்கு முன்பே இறந்துவிட்டார், நாவலும் முடிந்துவிட்டது. அதை வைத்து அல்யோஷாவை வரைந்திருக்க முடியாது.

கே: அப்போ இரண்டு பேரும்தான்!
ப: சரி, அப்படி வேண்டுமானால் விடுகிறேன்.

கே: பின்னால் வந்தவர்களில் யார் யாரைப் பாதித்தார்?
ப: ரஷ்யக் கவிஞர் பிளோக்கின் ‘அழகிய சீமாட்டி’ சோபியாவின் வாரிசு. பாதிரியார் ஃப்ளோரென்ஸ்கி அவளை இறையியலுக்குள் கொண்டுபோனார்; 1937இல் சோவியத் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. இறையியலாளர் செர்கேய் புல்ககோவ் பாரிஸில் விரித்து எழுதினார். 1935இல் மாஸ்கோ திருச்சபை அதைக் கண்டித்தது. தத்துவவாதி பெர்தியாயெவ் சோபியாவை விட்டு, கடவுளும் மனிதனும் சேர்ந்து படைப்பது என்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பக்தரும் கலகக்காரரும் இவரையே மேற்கோள் காட்டுவது இதனால்தான்.

கே: சார், அந்திக்கிறிஸ்து எப்போ வருவான்?
ப: ஜோசியம் இல்லை என்று முன்பே சொன்னேனே.

கே: எங்கே தொடங்கலாம்?
ப: ‘அன்பின் பொருள்’. சின்னது. அந்திக்கிறிஸ்துவைக் கடைசியில் படியுங்கள்.