அடுப்பு இல்லாமல் பழக் கேக்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மாம்பழ முந்திரிக் கேக் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது, அடுப்பும் ஓவனும் கிடையாது, அதனால்தான் இதைச் ‘சமைக்காதது’ என்கிறேன். ஒன்பது வருடமாக இப்படித்தான் இனிப்பு செய்கிறேன், அதனால் இதில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் எனக்கும் வந்தவைதான்.

கேள்வி: முதலில் அந்தக் கேக்கின் அளவைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி. 18 சென்டிமீட்டர் அகலத்தில், அடித்தட்டு தனியாகக் கழன்று வரும் டின்னுக்கான அளவு இது. அடிப்பகுதிக்கு 150 கிராம் பாதாம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பாதாமை முதலில் கொரகொரப்பாகப் பொடித்துக்கொண்டு, பிறகு பேரீச்சம்பழத்தைச் சேர்த்து விட்டு விட்டு ஓட்டுங்கள். கையில் எடுத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலில் எண்ணெய் கசியக் கூடாது, அதுதான் பதம். டின்னில் கொட்டி, தட்டையான அடியுள்ள டம்ளரால் ஓரம்வரை நன்றாக அழுத்தி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

மேலே வரும் கிரீமுக்கு 300 கிராம் வறுக்காத முந்திரி (ஊறுவதற்கு முந்தைய எடை), 250 கிராம் மாம்பழக் கூழ், அரை மணி நேரம் ஊறவைத்து வடித்த பேரீச்சம்பழம் 100 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மில்லி, உருக்கிய தேங்காய் எண்ணெய் 110 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. முந்திரி 4 முதல் 6 மணி நேரம் ஊற வேண்டும். எண்ணெயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மையாக அரைத்த பிறகு, மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். டின்னில் ஊற்றி இரண்டு தட்டு தட்டினால் காற்றுக்குமிழி மேலே வந்துவிடும். குறைந்தது 6 மணி நேரம் ஃப்ரீசரில் இருக்கட்டும்.

ஒரு விஷயம், கலவையை ருசி பார்க்கும்போது இனிப்பு ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் உறைக்கும்.

கேள்வி: என் கேக் ஃப்ரீசரிலிருந்து வந்தபோது அழகாக இருந்தது. மேசைக்கு வந்த கால் மணியில் ஓரமெல்லாம் ஒழுகி, நடுவில் ஐஸ் கட்டியாகக் கடித்தது. ஸ்ட்ராபெர்ரி போட்டிருந்தேன். எங்கே தப்பு?

தண்ணீரில்தான் தப்பு. எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓவனில் வைக்கும் கேக்கில் சூட்டில் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிப் போகிறது, மாவும் முட்டையும் மீதியைப் பிடித்துக்கொண்டு இறுகுகின்றன. நம்முடையதில் அந்த இரண்டுமே நடக்காது. பழத்தோடு உள்ளே போன தண்ணீர் கடைசிவரை உள்ளேயேதான் இருக்கும். அதைப் பிடித்து வைப்பது கொழுப்பும் நாரும் குளிரும் மட்டும்தான். ஸ்ட்ராபெர்ரியில் 91 சதவீதம் தண்ணீர், மாம்பழத்தில் 83, வாழைப்பழத்தில் 75. மாம்பழத்துக்கு எழுதிய அளவில் ஸ்ட்ராபெர்ரியை அப்படியே போட்டால், நீங்கள் அறியாமலே கிரீமில் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்து ஊற்றியது போலத்தான். அந்தத் தண்ணீர்தான் நடுவில் ஐஸாக உறைந்து பல்லில் நறநறக்கிறது, உருகும்போது ஓரத்தில் வடிகிறது.

சரிசெய்ய வழி இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி ஒரு சிட்டிகை உப்பைத் தூவி வடிகட்டியில் அரை மணி நேரம் வையுங்கள், கீழே சேரும் சிவப்புச் சாற்றைக் கிரீமில் சேர்க்காமல் குடித்துவிடுங்கள். அல்லது பழத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, உறையவைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரிப் பொடி 2 மேசைக்கரண்டி போடுங்கள், நிறமும் மணமும் கூடும், ஈரம் கூடாது. தர்பூசணியை மட்டும் கிரீமில் சேர்க்கவே வேண்டாம், எத்தனையோ முறை முயன்று கைவிட்டேன். அதை வெட்டி அப்படியே சாப்பிடுவதுதான் அந்தப் பழத்துக்கு மரியாதை.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அறை அதைவிடச் சூடாக இருந்தால் எவ்வளவு சரியாகச் செய்தாலும் கேக் தளரும். எண்ணெய்க்குப் பதில் கோகோ வெண்ணெய் (கோகோ விதையின் கொழுப்பு, பால் வெண்ணெய் இல்லை) சேர்க்கலாம், அது ஏறக்குறைய 34 டிகிரியில்தான் உருகும், லேசாகச் சாக்லேட் வாசம் வரும் அவ்வளவுதான்.

கேள்வி: எண்ணெய் ஊற்றியதும் கிரீமில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. எண்ணெய் கெட்டுப்போனதா?

இல்லை, பழக் கூழ் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கும். குளிர்ந்த கூழைத் தொட்டவுடன் எண்ணெய் கலப்பதற்கு முன்பே சின்னச் சின்ன மணிகளாக உறைந்துவிடுகிறது. அரைத்த கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துக் கிளறுங்கள், புள்ளிகள் கரைந்துவிடும், பிறகு இன்னொரு முறை அரைத்தால் பளபளவென்று வரும். எதையும் கொட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை எல்லாப் பொருளும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

கேள்வி: எவ்வளவு அரைத்தாலும் முந்திரி நெருநெருவென்றே இருக்கிறது. என்னிடம் சாதாரண மிக்ஸிதான்.

சாதாரண மிக்ஸியே போதும், என்னிடமும் நான்கு வருடம் அதுதான் இருந்தது. முந்திரியை 8 மணி நேரம் ஊறவையுங்கள், ஃபிரிட்ஜுக்குள் வைத்து. ஒரு முந்திரியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள், ‘டக்’கென்று உடைந்தால் இன்னும் ஊறவில்லை, மெதுவாகப் பிளந்து மசிந்தால் சரி. சின்ன ஜாரில் பாதி அளவுதான் போட வேண்டும், 40 விநாடி ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி. ஐந்தாறு சுற்று ஆகும். கடைசியில் ஒரு துளியை முன்பல்லுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், விரலுக்குத் தெரியாத மணல் பல்லுக்குத் தெரிந்துவிடும். அரைபடவில்லையே என்று தண்ணீர் ஊற்றுகிற ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைச் சாற்றையும் பழத்தையும் முன்கூட்டியே சேர்த்தால் அந்த ஈரமே போதும்.

கேள்வி: ‘சமைக்காதது’ என்கிறீர்கள். எந்தச் சூடு வரை சமைக்காதது என்று கணக்கு? முந்திரியே சமைத்ததுதான் என்று ஒருவர் சொன்னாரே?

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சமைக்காத உணவு முறையைப் பின்பற்றுபவர்கள் பொதுவாக 42 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரை என்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். முந்திரியின் தோட்டில் தோலைப் புண்ணாக்கும் காரமான எண்ணெய் இருப்பதால், பெரும்பாலும் ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் தோட்டை உடைக்கிறார்கள். ‘பச்சை முந்திரி’ என்று வருவதில் பெரும்பகுதி வறுக்காதது, அவ்வளவே. மேப்பிள் பாகு கொதித்துக் காய்ச்சியது, சாதாரண கோகோ பொடி வறுத்த கொட்டையிலிருந்து வருவது. கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் இவற்றைத் தவிர்த்துப் பாதாம், பேரீச்சம்பழம் என்று போவார்கள். நான் அந்த அளவுக்குக் கண்டிப்பானவள் இல்லை. பழத்தைச் சுடாமல், அதன் மணம் அப்படியே தட்டுக்கு வர வேண்டும், எனக்கு முக்கியம் அதுதான்.

கேள்வி: தேன் ஊற்றலாமா?

சமைக்காதது என்ற கணக்கில் சேரும், வீகன் (விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காதது) கணக்கில் சேராது. தேனீயிடமிருந்து எடுப்பது. பேரீச்சம்பழத்தையே அரைத்துவிடுங்கள்.

கேள்வி: அகர் அகர் போட்டால் கெட்டியாக நிற்காதா? அன்னாசி போட்டால் ஜெல்லி இறுகாது என்கிறார்களே, அது இதற்கும் பொருந்துமா?

அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது, எனவே வீகன்தான். ஆனால் அது கரைய வேண்டுமென்றால் கொதிக்க வைத்தாக வேண்டும், அப்போது அடுப்பு வந்துவிடுகிறது. அகரை மட்டும் தனியாகக் கொதிக்க வைத்துப் பழத்தில் கலக்கிறவர்கள் உண்டு, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அன்னாசி விஷயம் ஜெலட்டினுக்கு மட்டும். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் புரதம். அன்னாசி, கிவி போன்றவற்றில் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருப்பதால் அது இறுகாமல் போகிறது. அகர் புரதம் இல்லை, அதனால் பயமில்லை.

அடுப்பே வேண்டாம் என்றால் சியா விதை. தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 250 கிராம் பழக் கூழுக்கு 2 மேசைக்கரண்டி கலந்து, பத்து நிமிடத்தில் ஒருமுறை நன்றாகக் கிளறி (இல்லாவிட்டால் கட்டி தட்டும்), ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் கரண்டியில் நிற்கும். கேக்கின் மேல் பரப்ப இதைவிட நல்ல பழப்பூச்சு எனக்குத் தெரியாது.

கேள்வி: என் மகளுக்குக் கொட்டை வகை எதுவுமே ஒத்துக்கொள்ளாது. முந்திரி, பாதாம் இல்லாமல் முடியுமா?

முடியும். அடிப்பகுதிக்குச் சூரியகாந்தி விதையும் உலர்ந்த தேங்காய்த் துருவலும் பாதிக்குப் பாதி. கிரீமுக்கு நன்றாகப் பழுத்த அவகாடோ 2, உறைந்த வாழைப்பழம் 2, எலுமிச்சைச் சாறு, 80 மில்லி தேங்காய் எண்ணெய். அவகாடோவின் கொழுப்பு முந்திரி செய்கிற வேலையை ஓரளவு செய்துவிடும். ஆனால் விதையும் தேங்காயும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் பொருட்களின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டே செய்யுங்கள். முன்பு கொட்டை அரைத்த மிக்ஸி ஜாரையும் நம்ப வேண்டாம், ரப்பர் வளையத்துக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இது ‘இயற்கை இனிப்பு’ என்பதால் தரலாம் இல்லையா?

அப்படி நினைத்துத் தராதீர்கள். பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான், எங்கிருந்து வந்தாலும் உடம்புக்கு அது சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை என்பதற்காக இந்தக் கேக்கை மருந்து மாதிரி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவருடைய மருத்துவரோ உணவு ஆலோசகரோ எவ்வளவு என்று சொல்லட்டும். அவருக்காகச் செய்வதானால் பேரீச்சம்பழத்தைப் பாதியாக்கி, மாம்பழத்துக்குப் பதில் ராஸ்பெர்ரி போட்டு, சின்ன அச்சில் ஒரு ஆளுக்கு ஒன்றாகச் செய்யுங்கள், பெரிய கேக்கிலிருந்து வெட்டும்போது துண்டு தானாகப் பெரிதாகிவிடும்.

கேள்வி: மேலே அடுக்கிய ஆப்பிளும் வாழைப்பழமும் விருந்தாளி வருவதற்குள் கறுத்துவிட்டன.

வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் பழத்தின் நொதி வேலையைத் தொடங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் தள்ளிப்போகும், நிற்காது. நான் மேலே ஆப்பிளே வைப்பதில்லை, பெர்ரி, கிவி, மாதுளை முத்து, ஆரஞ்சுச் சுளை இவை போதாதா?

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்கலாம்? நான் கர்ப்பமாக இருக்கிறேன், சாப்பிடலாமா?

ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் நான்கு நாள், ஃப்ரீசரில் நன்றாக மூடி இரண்டு மாதம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எதையும் சூடாக்காமல் செய்வதால் கிருமியைக் கொல்லும் கட்டம் நம் செய்முறையில் எங்குமே இல்லை, ஃப்ரீசரும் கொல்லாது, வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைக்கும். உறைந்த பெர்ரிப் பழங்களால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ பரவிய சம்பவங்கள் உண்டு. அதனால் உங்களுக்கு என்றால், கழுவித் தோல் சீவிய புதுப் பழம், அன்றே செய்து அன்றே சாப்பிடுவது, முந்திரியையும் பாதாமையும் வறுத்துப் போடுவது. அப்போது அது ‘சமைக்காதது’ ஆகாது, ஆகாவிட்டால் பரவாயில்லை. உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு மணி நேரமெல்லாம் காத்திருக்க முடியாது. இன்று ராத்திரிக்கு ஏதாவது?

ஃப்ரீசரில் வாழைப்பழத் துண்டு இருக்கிறதா? தோலில் கறும்புள்ளி விழுந்த பழமாக இருந்தால் இன்னும் நல்லது. மிக்ஸியில் போட்டால் முதலில் சரளைக்கல் மாதிரி சத்தம் போடும், பிறகு ஈர மணல் மாதிரி சுவரில் அப்பிக்கொள்ளும், பயப்படாமல் வழித்துவிட்டு ஓட்டுங்கள், திடீரென்று ஒரு கணத்தில் எல்லாம் சேர்ந்து வழவழவென்று ஐஸ்கிரீமாகச் சுழல ஆரம்பிக்கும். அந்தக் கணத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் ஓடினால் இளகிவிடும். இத்தனை வருடம் ஆகியும் அந்த மாற்றத்தைப் பார்க்க மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன். பழம் உறையவே வைக்கவில்லை என்றால் அவகாடோவும் கோகோவும் பேரீச்சம்பழமும் அரைத்துக் கிண்ணத்தில் போட்டு மேலே ராஸ்பெர்ரி, பத்து நிமிட வேலை.

கேள்வி: வெட்டும்போது கேக் விரிசல் விடுகிறது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து 20 நிமிடம் விடுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தாக நேராகக் கீழே இறக்குங்கள், ரம்பம் மாதிரி அறுக்க வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கித் துடையுங்கள். அடிப்பகுதி மட்டும் கல்லாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள், பாதாமைவிடப் பேரீச்சம்பழம் கூடிப்போனால் அப்படித்தான் டின்னோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை 20 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.