‘ரோங்’ என்றால் கோணல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, டபிள்யூ, ஆர் ஆகிய இரண்டு எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக எழுதி மனனம் செய்யும்படி ரியூசன் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். முதலெழுத்துகள் ஒன்றாக இருந்தால் பொருளிலும் உறவு இருக்குமா? ஒலிக்காத டபிள்யூ எதற்காக?
(சாதாரண தர மாணவி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: உங்கள் பட்டியலில் பெரும்பகுதிக்கு உறவு உண்டு, முழுவதற்கும் இல்லை. முறுக்குதல், திருகுதல், வளைதல் ஆகிய பொருள்களை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொற்களைப் பாருங்கள். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது ‘ரிங்’ (மோதிரம் வேறு, அதற்கு டபிள்யூ கிடையாது). திருகிப் பிடுங்குவது ‘ரெஞ்ச்’, மலர்வளையம் ‘ரீத்’, மல்லுக்கட்டுவது ‘ரெசில்’, வேதனையில் நெளிவது ‘ரைத்’, தோலில் விழும் சுருக்கம் ‘ரிங்கிள்’. மணிக்கட்டைக் குறிக்கும் ‘ரிஸ்ட்’ என்ற சொல்லும், கை திரும்புகின்ற இடம் என்பதால், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘ரோங்’. பிழை என்று நாம் பொருள் கொள்ளும் இச்சொல், ஸ்கண்டிநேவிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கோணலானது, வளைந்தது என்ற பொருளையே கொண்டிருந்தது. அதற்கு எதிரான ‘ரைட்’ என்ற சொல்லின் வேர்ப்பொருள் நேரானது என்பதாகும். கோணல் புத்தி என்றும் நேர்மை என்றும் பேசுகின்ற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த ஒற்றுமையை முதலில் கண்டவர்கள் இன்றைய ஆசிரியர்கள் அல்லர். கணிதத்தில் முடிவிலிக்குரிய குறியீட்டை அறிமுகப்படுத்திய ஜோன் வாலிஸ், 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இச்சொற்களைச் சேர்த்துக் காட்டியிருக்கிறார். அடுத்து, 1930இல் ஜே. ஆர். ஃபேர்த் என்ற மொழியியலாளர், இவ்வாறு பொருளோடு ஒட்டிக்கொண்ட தொடக்க ஒலிகளுக்குத் தனிப்பெயர் ஒன்றையே சூட்டினார். ஒளியைக் குறிக்கும் ‘கிளோ’, ‘கிளீம்’, ‘கிளிட்டர்’, ‘கிளிம்மர்’ என்பவையும் மூக்கோடு தொடர்புடைய ‘ஸ்னோர்’, ‘ஸ்னிஃப்’, ‘ஸ்னவுட்’ என்பவையும் அத்தகையவை. தும்மலைக் குறிக்கும் ‘ஸ்னீஸ்’ பழைய ஆங்கிலத்தில் எஃப், என் எழுத்துகளில்தான் தொடங்கியது. பிற்காலத்தில் மூக்குச் சொற்களின் கூட்டத்தில் வந்து சேர்ந்துகொண்டது.

இனி விலக்குகள். எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்’ உங்கள் பட்டியலில் நிச்சயம் முதலிடத்தில் இருக்கும். ஆனால் அதற்கும் முறுக்குதலுக்கும் உறவில்லை. மரத்திலும் கல்லிலும் எழுத்துகளைக் கீறுவதே அதன் பழைய பொருள். படம் கீறுவது என்று இன்றும் சொல்லுகின்ற நம் பேச்சு வழக்கு இதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். ‘ரென்’ என்ற சிறு பறவையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். டபிள்யூ ஒருகாலத்தில் ஒலித்த எழுத்துத்தான். 17ஆம் நூற்றாண்டளவில் நாவிலிருந்து அது மறைந்தபோதும் எழுத்தில் நின்றுவிட்டது.

முதலெழுத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பெயரே சான்று. திருகு, திருகாணி, திரும்பு, திருப்பம் என்பவற்றில் சுழற்சிப் பொருள் உண்டு. தேங்காய் திருவும் திருவலையையும் அவற்றோடு சேர்க்கத் தோன்றும். ஆனால் அது துருவுதல் என்பதன் பேச்சு வடிவம். திருகோணமலையில் உள்ள ‘திரு’வோ சிறப்பு அடைமொழி. சம்பந்தர் தம் பதிகத்தில் அடைமொழி இல்லாமல் ‘கோணமாமலை’ என்றே பாடியிருக்கிறார். திருப்பம் என்பதிலிருந்து திருவை எடுத்துவிட்டு ஒரு சொல்லை உங்களால் மீட்க முடியுமா? ஆகவே, பட்டியலை நினைவுக்குத் துணையாகக் கொள்ளுங்கள். பரீட்சையில் புதிய சொல்லுக்குப் பொருள் ஊகிக்க அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: ‘இன்’ என்று தொடங்கினால் எதிர்மறை என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். அப்படியானால் எண்ணெய் பவுசர்களில் காணப்படும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பது தீப்பற்றாதது என்றா பொருள்படும்?
(ஆசிரியர், கிண்ணியா)

பதில்: தீப்பற்றக்கூடியது என்றே பொருள். தயவுசெய்து வகுப்பில் இதை உடனே திருத்திவிடுங்கள். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு எதிர்க்கரையில் கற்பிக்கும் உங்களுக்கு இது வெறும் இலக்கணம் அன்று. ‘இன்கரெக்ட்’ போன்ற சொற்களில் வருவது எதிர்மறை முன்னொட்டு. இங்கே வருவதோ உள்ளே, மேலே என்னும் பொருளுடைய வேறொரு இலத்தீன் முன்னொட்டு. தீமூட்டுதல் என்ற வினையோடு சேர்ந்தே அது வந்தது. நீங்கள் குழம்பியதைப் போலப் பலர் குழம்பியதனாலேயே, எச்சரிக்கைப் பலகைகளில் ‘ஃப்ளேமபிள்’ என்று மட்டும் எழுதும் வழக்கம் பரவியது. இரண்டும் ஒரே பொருளுடையவை.

கேள்வி: கே, என் எழுத்துகளில் தொடங்கும் சொற்களிலும் இவ்வாறான உறவு உண்டா?
(வாசகி, நிலாவெளி)

பதில்: ஓரளவுக்கு உண்டு. முடிச்சு, குமிழ், விரல் மொளி, சிறு மேடு எனப் புடைத்து நிற்பவற்றின் பெயர்கள் பல அவ்வாறு தொடங்குகின்றன. முழங்காலைக் குறிக்கும் சொல்லில் ஜேர்மானியர்கள் இன்றும் ககர ஒலியை உச்சரிக்கிறார்கள். அறிதலைக் குறிக்கும் ‘நோ’ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு உறவுமுறை வேறு. வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘ஞானம்’ என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.