மாட்டுக் கடனும் போர்வெல்லும்

வணக்கம் ஐயா,

தருமபுரி மாவட்ட சுய உதவிக் குழுப் பெண்களின் தொழில்முனைவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாளோடு ஊர் ஊராகப் போகிறேன். ‘கடன் வாங்கிய பின் தன்னம்பிக்கை கூடியது’ என்ற வரிக்கு எல்லா அக்காமாரும் முதல் கட்டத்திலேயே டிக் போடுகிறார்கள். நெறியாளருக்குத் திருப்தி. எனக்குத்தான் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்), பாலக்கோடு

வணக்கம் அம்மா,

குழுத் தலைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, கல்லூரியிலிருந்து வந்த பெண்ணிடம் ‘மறுக்கிறேன்’ என்று யார் சொல்வார்கள்? அடுத்த கடன் கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. வீட்டுக்கு வந்தவருக்கு மோர் கொடுப்பது மாதிரிதான் அந்த டிக்.

தன்னம்பிக்கையை விடுங்கள். பணம் எங்கே போனது என்று கேளுங்கள்.

இலங்கையில் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் சிறுதொழில் செய்பவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயை, ரொக்கமாகவோ பொருளாகவோ, இனாமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் வந்த அவர்கள் கட்டுரைப்படி ஆண்களின் லாபம் நன்றாக ஏறியது. பெண்களுக்குச் சராசரியில் ஏறவே இல்லை. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று முடிவு கட்ட இது போதும், இல்லையா? ஆனால் 2019-ல் பெர்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே, ரிகோல் என்ற வேறு நான்கு ஆய்வாளர்கள் இந்தியா, இலங்கை, கானா தரவுகளை எடுத்து, அந்த வீட்டில் வேறு யாருக்கும் தொழில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார்கள். பெண்ணின் தொழில் ஒன்றே இருந்த வீடுகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே அந்த வித்தியாசம் இல்லை. மற்ற வீடுகளில் அவள் பெயரில் வந்த பணம் கணவர் தொழிலுக்குப் போயிருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு ஆய்வே தேவையில்லை. விண்ணப்பத்தில் கறவை மாடு என்றிருக்கும். பணம் போர்வெல்லில் இறங்கியிருக்கும், இல்லையென்றால் கணவர் வண்டியின் டியூவுக்குப் போயிருக்கும். தவணையை மட்டும் அந்த அம்மா கட்டுவார், பால் காசிலோ நூறு நாள் வேலைக் கூலியிலோ. இதை ஏமாற்று என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் வந்தால் தக்காளி போடலாம். வீட்டுக் கணக்கில் அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அந்த அம்மாவைத் தொழில்முனைவோர் என்று அட்டவணையில் ஏற்றினால் அது பொய்க்கணக்கு.

வீட்டில் எத்தனை தொழில், கடன் வந்த வாரம் என்ன வாங்கினீர்கள், மிச்சம் யாரிடம் இருந்தது, தவணை எந்தக் காசில்? இவற்றைக் குழுக் கூட்டத்தில் கேட்காமல் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கணவர் இருந்தால் மாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் அரசு இந்தக் குழுக்களைத் தொடங்கியதே 1989-ல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, உங்கள் மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004-ல்தான் பிரிந்தது. அன்று சேர்ந்தவர்களில் பலர் இன்று பாட்டிகள். எத்தனையோ கடன் பார்த்தவர்கள். அவர்களில் சிலரையும் தேடிப் பிடியுங்கள்.

நெறியாளருக்கு ஐந்து கட்டம் கட்டாயம் என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். தாளை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் பணப் பேச்சே வரும்.