மூன்று படம் எடுத்தும் மகால் பிடிபடவில்லையா?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் தூண்களைத் தெளிவாக எடுத்தால் முற்றத்து வானம் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. வானத்தைக் காப்பாற்றினால் தூண்கள் கரியாகின்றன. ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படமாக எடுக்கும் பிராக்கெட்டிங் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு படம்தான் விழுந்தது. அடுத்த நாள் பார்த்தால் அந்த செட்டிங்கையே காணோம்!

பதில்: கேமரா பழுதாகவில்லை. 1500டியின் சுபாவமே அது. பவர் சுவிட்சை அணைத்தாலோ, ஃபிளாஷ் தயாரானாலோ பிராக்கெட்டிங் தானாக ரத்தாகிவிடும். இது வரம்தான் என்பேன். அணைத்தாலும் மறக்காத வேறொரு கேமராவில் நான் இதை விட்டுவைத்து, மறுநாள் ஒரு காதுகுத்து விழாவில் மூன்றில் ஒரு படத்தை இருட்டாக எடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

மோட் டயலை ஏவியில் (அபெர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும் மோட்) வையுங்கள். அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. அபெர்ச்சர் மாறினால் ஃபோகஸின் ஆழமும் மாறும், பிறகு ஒரே படமாக இணைக்கும்போது மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டும்தான். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடாதீர்கள். பிறகு மெனுவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனும் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) ஏஇபியும் (பிராக்கெட்டிங்) சேர்ந்திருக்கும் வரியைத் திறந்து, ஷட்டர் பட்டனுக்குப் பின்னாலுள்ள சக்கரத்தைச் சுழற்றுங்கள். நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு கோடுகள் விலகிப்போகும். இந்த கேமராவில் அதிகபட்சம் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). மகாலுக்கு அது முழுதும் தேவை. முடித்ததும் ‘செட்’ பட்டனை அழுத்த மறக்காதீர்கள். அழுத்தாமல் வெளியேறினால் செய்ததெல்லாம் வீண்.

ஒரே படம் விழுந்ததற்குக் காரணம், ஒரு அழுத்தலுக்கு எத்தனை படம் என்று தீர்மானிக்கும் டிரைவ் மோட். சிங்கிளில் இருந்தால் மூன்று முறை அழுத்த வேண்டும். நீங்கள் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள். 2 விநாடி செல்ஃப் டைமருக்கு மாற்றினால், ஒருமுறை அழுத்திக் கையை எடுத்துவிடலாம். சரியானது, இருட்டு, வெளிச்சம் என்ற வரிசையில் மூன்றையும் அதுவே எடுக்கும். நடுப்படம் 1/30 விநாடி என்றால் மற்றவை 1/125, 1/8. இந்த 1/8 கையில் நிற்காது, ட்ரைபாட் வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் தூணில் தோளைச் சாய்த்து, ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றி, தொடர்ந்து படமெடுக்கும் கன்டினியுவஸ் மோடில் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அந்த 1/8 இப்போது 1/30 ஆகிவிடும். விநாடிக்கு 3 படம் எடுக்கும் கேமரா என்பதால் ஒரு மூச்சை அடக்கினால் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று: ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர். இருட்டான படத்தை கேமரா தானே வெளிச்சமாக்கி, நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கிய வித்தியாசத்தைக் குறைத்துவிடும். அதை அணைத்துவிட்டு ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப்படம்) எடுங்கள். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் ஆட்டோவில் வேண்டாம். தூணில் ஃபோகஸ் செய்தபின் லென்ஸ் சுவிட்சை எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ் செய்வது) தள்ளிவிடுங்கள்.

எடுத்த கையோடு இருட்டான படத்தின் ஹிஸ்டோகிராமை (இடப்புறம் இருட்டு, வலப்புறம் வெளிச்சம் காட்டும் வரைபடம்) பாருங்கள். வலது ஓரத்தில் மேடு இன்னும் முட்டிக்கொண்டிருந்தால் வானம் போய்விட்டது என்று பொருள். காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் இறக்கி மீண்டும் எடுங்கள்.

இணைப்பதற்கு லைட்ரூம் மென்பொருளில் மூன்றையும் தேர்ந்தெடுத்து எச்டிஆர் மெர்ஜ் (மூன்றையும் ஒரே படமாக்கும் வசதி) கொடுக்கலாம். இலவசமாக வேண்டுமென்றால் லுமினன்ஸ் எச்டிஆர் இருக்கிறது. முற்றத்தில் புறா பறந்திருந்தால் ஒரே புறா மூன்று ஆவிகளாகத் தெரியும். இந்த ஆவிகளை நீக்கும் டீகோஸ்ட் அமைப்பைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், புறா இருக்கும் பகுதியை நடுப்படத்திலிருந்து மட்டும் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.